கருவின் மூளைக்கு உத்தரவு போடும் ஹார்மோன்

தலைப்பிரட்டையைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். மழைக்காலத்தில் ஏரியோரக் குட்டைகளில் கூட்டம் கூட்டமாக வாலை ஆட்டிக்கொண்டு திரியும். சில வாரங்களில் பின்னங்கால் முளைக்கும், பிறகு முன்னங்கால். வால் கரைந்து மறையும். செவுளால் மூச்சு விட்டுக்கொண்டிருந்த பிராணி நுரையீரலால் மூச்சு விடத் தொடங்கும். கடைசியில் கரையேறித் தவளையாகத் தாவிக் குதிக்கும்.

1912-ம் ஆண்டில் குடர்நாட்ச் என்ற ஆராய்ச்சியாளர் தலைப்பிரட்டைகளுக்குக் குதிரையின் தைராய்டு சுரப்பியைத் தீனியாகப் போட்டுப் பார்த்தார். உரிய காலத்துக்கு வெகு முன்னதாகவே அவை கால் முளைத்து, வால் இழந்து, மிகச் சிறிய தவளைகளாகிவிட்டன. சில ஆண்டுகள் கழித்து வேறு சிலர் இதையே தலைகீழாகச் செய்தார்கள். தலைப்பிரட்டையின் தைராய்டை அறுத்து எடுத்துவிட்டார்கள். அவை தின்று தின்று பெருத்தன. ஆனால் தவளையாகவே இல்லை. பெரிய தலைப்பிரட்டைகளாகவே இருந்துவிட்டன.

வளர்வது வேறு, உருவாவது வேறு என்பதை இந்தச் சோதனைகள் காட்டின. தீனி இருந்தால் உடல் பெருக்கும். ஆனால் 'இனி நீ இப்படி மாறு' என்று ஓர் உத்தரவு வர வேண்டும். அந்த உத்தரவைக் கொண்டு போவது தைராய்டு ஹார்மோன்.

மனிதக் குழந்தைக்கு உதிர்வதற்கு வால் இல்லை. ஆனால் தாயின் வயிற்றிலும், பிறந்த பிறகு முதல் இரண்டு மூன்று ஆண்டுகளிலும் அதன் மூளையில் நடக்கும் மாறுதல், தலைப்பிரட்டை தவளையாவதற்குச் சற்றும் குறைந்ததல்ல. அங்கேயும் இதே ஹார்மோன்தான் உத்தரவு கொண்டு போகிறது. வர வேண்டிய வாரத்தில் அது வராவிட்டால் என்ன ஆகும்? இது டாக்டர்களுக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல. பெங்களூரில் குடியிருந்துகொண்டு, பிரசவத்துக்குப் பெண்ணை ஊருக்கு அனுப்பி வைக்கும் நம் குடும்பங்களுக்கும் உரிய கேள்வி.

நான்கு அணு, மூன்று அணு

கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்ததுபோல் ஒட்டிக்கொண்டிருப்பது தைராய்டு. எடை சுமார் 20 கிராம். ரத்தத்தில் ஓடும் அயோடினைப் பிடித்து இழுத்துச் சேர்த்து வைத்துக்கொள்வது இதன் தனித் திறமை. அந்த அயோடினைக் கொண்டு இரண்டு ஹார்மோன்களைச் செய்கிறது. ஒன்றில் நான்கு அயோடின் அணுக்கள் இருக்கும், அது டி-4. மற்றொன்றில் மூன்று, அது டி-3. தைராக்சின் என்று சொல்லப்படும் டி-4-ஐ 1914-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று அமெரிக்காவில் எட்வர்டு கெண்டல் பிரித்தெடுத்தார். டி-3 என்று ஒன்று இருப்பது 1952-ல்தான் தெரிந்தது. லண்டனில் அதைக் கண்டவர்கள் ஜாக் கிராஸ், ரோசலிண்ட் பிட்-ரிவர்ஸ் என்ற இருவர்.

சுரப்பி அதிகமாகச் செய்து அனுப்புவது டி-4. ஆனால் காரியம் செய்வது டி-3. டி-4 பாங்கியில் போட்டு வைத்த பணம் என்றால், டி-3 கையில் இருக்கும் ரொக்கம். மூளைக்குள் வந்து சேரும் டி-4-லிருந்து ஓர் அயோடின் அணுவைக் கழற்றி டி-3 ஆக்குவதற்கென்றே ஒரு நொதி இருக்கிறது. நரம்பு செல்களுக்குத் துணையாக நிற்கும் நட்சத்திர வடிவச் செல்கள் இந்த மாற்றத்தைச் செய்து, பக்கத்தில் உள்ள நரம்பு செல்லுக்கு டி-3-ஐக் கொடுக்கின்றன. வேண்டாத நேரத்தில் அதை அழிக்க வேறொரு நொதி உண்டு. எந்தப் பகுதிக்கு, எந்த வாரத்தில், எவ்வளவு என்று மூளை தனக்குத் தானே அளந்து கொடுத்துக்கொள்கிறது.

பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம். ஆயுள் முழுவதும் சாப்பிடும் அயோடினைச் சேர்த்தாலும் ஒரு தேக்கரண்டியில் அடங்கிவிடும். ஆனால் அதை ஒரே நாளில் விழுங்கி வைத்துக்கொள்ள முடியாது. அன்றாடம் துளித்துளியாக வந்துகொண்டிருக்க வேண்டும்.

வாசலில் நிற்கும் காவலாளி

நமது செல்லின் உட்கருவில் புரதங்களைச் செய்வதற்கான குறிப்புகளாகச் சுமார் 20 ஆயிரம் ஜீன்கள், அதாவது மரபணுக்கள், இருக்கின்றன. கல்லீரல் செல்லில் இருப்பதும் அதே ஜீன்கள்தான்; மூளை செல்லில் இருப்பதும் அதே ஜீன்கள்தான். எதைத் திறந்து படிப்பது, எதை மூடி வைப்பது என்பதில்தான் வித்தியாசம். அலமாரியில் பெரிய சமையல் புத்தகம் இருக்கலாம். இன்றைக்கு எந்தப் பக்கத்தைத் திறக்கிறோமோ, அதுதானே இலைக்கு வரும்!

தைராய்டு ஹார்மோன் உடலின் சூட்டைக் கூட்டும் பொருள் என்றே வெகு காலம் நினைத்திருந்தார்கள். ஜீன்களைத் திறப்பதுதான் அதன் தொழில் என்பதற்கு முதல் தடயம் 1960-களில் கிடைத்தது. இந்தியாவில் பிறந்து, லண்டனில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஜம்ஷெட் டாடா என்ற விஞ்ஞானி, ஹார்மோன் கொடுக்கப்பட்ட எலியின் கல்லீரலில் எது முன்னால் நடக்கிறது, எது பின்னால் நடக்கிறது என்று வரிசைப்படுத்திப் பார்த்தார். புதிய புரதங்கள் பெருகுவதற்கு முன்னதாகவே உட்கருவில் ஆர்.என்.ஏ. உற்பத்தி கூடியது. ஆர்.என்.ஏ. என்பது ஜீனைப் பார்த்து எடுக்கும் நகல். நகல் கூடுகிறது என்றால் எங்கோ ஜீன்கள் திறந்திருக்கின்றன என்று பொருள். 1970-களில், டி-3 போய் ஒட்டிக்கொள்ளும் புரதம் ஒன்று உட்கருவுக்குள்ளேயே இருப்பதும் உறுதியாயிற்று. இதை ஏற்பி என்கிறார்கள்.

இந்த ஏற்பியின் ஜீன் அகப்பட்ட கதை வேடிக்கையானது. கோழிகளுக்கு ரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் வைரஸ் ஒன்று உண்டு. அது என்றோ ஒரு காலத்தில் கோழியின் ஜீன் ஒன்றைத் திருடி, உருக்குலைத்து வைத்துக்கொண்டிருந்தது. அந்த ஜீனின் அசல் எதற்காக இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. 1986 டிசம்பரில் இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் விடை சொல்லின. அமெரிக்காவில் ரொனால்டு எவான்ஸ் குழு ஒன்று. ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் பியோர்ன் வென்ஸ்ட்ரோம் குழு மற்றொன்று. தைராய்டு ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் ஏற்பியைச் செய்யும் ஜீன்தான் அது! கோழியின் புற்றுநோயைத் துரத்திப் போனவர்கள் கையில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கான சாவி சிக்கியது. கோழி வைரஸுக்கு எதற்கு அரசுப் பணம் என்று கேட்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மனிதருக்கு இந்த ஏற்பி இரண்டு வகை. ஆல்பா வகையின் ஜீன் 17-வது குரோமோசோமில் இருக்கிறது. பீட்டா வகையின் ஜீன் 3-வது குரோமோசோமில். மூளையில் பெரும்பாலும் ஆல்பாவின் ஆட்சி. உட்காதுக்கும் கண்ணின் விழித்திரைக்கும் பீட்டா முக்கியம்.

டி.என்.ஏ.வின் நீண்ட இழையில் ஏ-ஜி-ஜி-டி-சி-ஏ என்ற ஆறெழுத்துச் சொல் இரண்டு முறை வந்து, நடுவில் நான்கு எழுத்து இடைவெளி இருந்தால், அது இந்த ஏற்பிக்கு ஏற்ற இருக்கை. துணைக்கு வேறொரு புரதத்தையும் சேர்த்துக்கொண்டு அங்கே போய் உட்காரும்.

ஹார்மோன் வந்த பிறகுதான் ஏற்பி ஜீனில் போய் உட்காரும் என்று எவரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. ஹார்மோன் வருவதற்கு முன்பே அது அங்கே உட்கார்ந்திருக்கிறது. சும்மாவும் உட்கார்ந்திருக்கவில்லை. டி.என்.ஏ. இழை, நூல்கண்டில் சுற்றிய நூல்போல ஒரு வகைப் புரத உருண்டைகளில் சுற்றப்பட்டிருக்கிறது. ஹார்மோன் இல்லாத ஏற்பி, வேறு சில புரதங்களை அழைத்துக்கொண்டு இந்தச் சுற்றை இறுக்கிப் பிடிக்கிறது. இறுகிய இடத்தில் ஜீனை நகலெடுக்க முடியாது. டி-3 வந்து ஒட்டியவுடன் ஏற்பியின் வடிவம் மாறுகிறது. இறுக்கும் ஆட்கள் விலகுகிறார்கள். தளர்த்தும் ஆட்கள் வருகிறார்கள். நூல் நெகிழ்கிறது. நகலெடுப்பு ஆரம்பமாகிறது.

இந்த ஏற்பி, உத்தரவுக் கடிதத்துக்காக வாசலில் காத்திருக்கும் காவலாளி மாதிரி. கடிதம் வந்தால் கதவைத் திறப்பான். வராதவரை திறக்காமல் இருப்பது மட்டுமல்ல, கதவுக்குக் குறுக்கே நின்று யாரையும் உள்ளே விடாமல் தடுப்பான்.

இது வெறும் உவமை அல்ல என்பதை எலிகள் நிரூபித்தன. 2002-ம் ஆண்டில் மாட்ரிட், ஸ்டாக்ஹோம் விஞ்ஞானிகள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஹார்மோன் குறைவான சாதாரண எலிக் குட்டிகளின் சிறுமூளை கோணலாக வளர்ந்தது. ஆனால் ஆல்பா ஏற்பியே இல்லாமல் பிறந்த எலிக் குட்டிகளில், அதே ஹார்மோன் குறைவு இருந்தும், சிறுமூளையின் அமைப்பு கெடவில்லை! காவலாளியே இல்லாத வீட்டில் கதவு ஏதோ அரைகுறையாகவாவது திறந்திருந்தது. கடிதம் கிடைக்காத காவலாளி நின்ற வீட்டில்தான் கேடு. ஹார்மோன் குறைவு என்றால் ஏதோ சத்துக் குறைவு போல என்று எண்ணிவிடக் கூடாது. வளர வேண்டிய மூளையை அது முனைந்து தடுக்கிறது.

வரிசை தவறினால்

கருவின் மூளை கட்டப்படுவதில் ஒரு வரிசை இருக்கிறது. நரம்பு செல்கள் ஓரிடத்தில் பிறக்கின்றன. அங்கிருந்து நடந்து போய்த் தங்கள் அடுக்கில் அமர்கின்றன. கிளை விடுகின்றன. அண்டை அயலாரோடு தொடர்பு கொள்கின்றன. பிறகு அவற்றின் நீண்ட நார்களுக்கு மின்சாரக் கம்பிக்கு உறை போடுவதுபோல மையலின் என்ற கொழுப்பு உறை போடப்படுகிறது. இந்த ஒவ்வொரு கட்டத்திலும் டி-3 கேட்கும் ஜீன்கள் இருக்கின்றன. நடந்து போகும் செல்களுக்கு 'இங்கே நில்' என்று சொல்லும் ரீலின் என்ற புரதத்தின் ஜீன், மையலின் உறையின் முக்கியப் புரதத்தின் ஜீன், நினைவாற்றலோடு சம்பந்தப்பட்ட நியூரோகிரானின் ஜீன் என்று பட்டியல் நூற்றுக்கணக்கில் நீளும்.

சிறுமூளையில் புர்க்கின்ஜி செல் என்று ஒன்று உண்டு. நுண்ணோக்கியில் பார்த்தால் கிளை பரப்பிய ஆலமரம்போல இருக்கும். ஹார்மோன் கிடைக்காத எலிக் குட்டியில் அதே செல் மொட்டை மரமாக நிற்கிறது. பிறந்த முதல் இரண்டு வாரங்களுக்குள் ஹார்மோன் கொடுத்தால் மரம் தழைக்கிறது. அதற்குப் பிறகு கொடுத்தால் பலன் சொற்பமே. ஜீன் கெட்டுப்போனதல்ல காரணம். அந்த ஜீனின் புரதத்துக்காகக் காத்திருந்த மற்ற செல்கள் தங்கள் வேலையை முடித்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டன. சென்ட்ரிங் போடும்போது வராத கம்பியை, கான்கிரீட் இறுகிய பிறகு கொண்டுவந்து என்ன செய்வது?

இன்னொரு அபூர்வமான நோயும் இதே பாடத்தைச் சொல்கிறது. டி-3 செல்லுக்குள் நுழைவதற்குத் தனி வாசல் உண்டு. அதைச் செய்யும் ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், அது பழுதானால் பாதிக்கப்படுவது பெரும்பாலும் ஆண் குழந்தைகள். இவர்களின் ரத்தத்தில் டி-3 தேவைக்கு மேலேயே இருக்கும். ஆனால் மூளை செல்கள் பட்டினி கிடக்கும். கழுத்து நிற்காது, பேச்சு வராது. 1944-லேயே வர்ணிக்கப்பட்ட இந்த நோய்க்குக் காரணம் இந்த வாசல்தான் என்று 2004-ல்தான் தெரிந்தது.

தாய் தரும் முதல் சீதனம்

கருவின் தைராய்டு சுரப்பி அயோடினைப் பிடிக்கக் கற்றுக்கொள்வது 10 முதல் 12-வது வாரத்தில். சொல்லிக்கொள்ளும்படியாக ஹார்மோன் சுரப்பது 18, 20 வாரங்களுக்குப் பிறகுதான். ஆனால் கருவின் மூளையில் ஏற்பி 10-வது வாரத்திலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது. காவலாளி வந்துவிட்டான், வீட்டில் கடிதம் எழுத ஆளில்லை!

அந்த இடைக்காலத்துக்கான கடிதங்கள் எல்லாம் தாயிடமிருந்து வருகின்றன. தாயின் டி-4 நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்குப் போகிறது. இது போகவே போகாது என்று ஒரு காலத்தில் பாடப் புத்தகங்களில் எழுதியிருந்தார்கள். 1989-ல் நெதர்லாந்து டாக்டர்கள் தைராய்டு ஹார்மோனைச் சிறிதும் செய்ய முடியாமல் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்தார்கள். அதில் கணிசமான அளவு டி-4 இருந்தது. குழந்தை செய்ய முடியாது. அப்படியானால் அது தாயுடையதாகத்தானே இருக்க வேண்டும்?

ஆகவே இரண்டு விதமான ஆபத்துகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குழந்தையின் சுரப்பி மட்டும் பழுதாக இருந்து, தாய் நலமாக இருந்தால், பிரசவம் வரை தாயின் ஹார்மோன் ஓரளவு காப்பாற்றுகிறது. பிறந்தவுடன் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் பெரும் சேதம் இல்லை. ஆனால் தாய்க்கே அயோடின் கடுமையாகக் குறைந்திருந்தால், முதல் மாதங்களிலேயே கரு கைவிடப்படுகிறது. அந்தக் குழந்தைகளுக்குக் காது கேளாமை, பேச்சின்மை, கை கால் விறைப்பு, புத்தி மந்தம் எல்லாம் சேர்ந்து வரக்கூடும். பிறந்த பிறகு எந்த மருந்தாலும் அதைத் திருப்ப முடியாது.

இந்தக் காலக்கெடு எவ்வளவு கறாரானது என்பதைப் பப்புவா நியூகினியின் மலைக் கிராமங்களில் 1966-ல் ஆரம்பித்த ஒரு சோதனை காட்டியது. கழுத்துக் கழலை மலிந்த அந்தப் பகுதியில் ஒரு குடும்பம் விட்டு ஒரு குடும்பத்துக்கு அயோடின் கலந்த எண்ணெய் ஊசி போட்டார்கள். அயோடின் இல்லாத ஊசி போட்ட தாய்மார்களுக்குப் பிறந்த 534 குழந்தைகளில் 26 பேர் இந்த ஊனத்தோடு பிறந்தார்கள். அயோடின் ஊசி போட்டவர்களின் 498 குழந்தைகளில் 7 பேர் மட்டுமே. அந்த ஏழில் ஆறு குழந்தைகள் ஊசி போடும்போதே தாயின் வயிற்றில் இருந்தவர்கள். ஊசி தாமதமாகப் போய்ச் சேர்ந்தது!

உப்பிலே வந்த மருந்து

நம் நாட்டில் இதற்கு வழி காட்டியது காங்ரா பள்ளத்தாக்கு. இன்று ஹிமாச்சலப் பிரதேசத்தில் இருக்கிறது. சோதனை தொடங்கிய 1956-ல் அது பஞ்சாபில் இருந்தது. நடத்தியவர் டாக்டர் ராமலிங்கசுவாமி. பெயரைக் கேட்டால் நம் பக்கத்துக்காரர் போலத் தோன்றும். அவர் ஸ்ரீகாகுளத்துத் தெலுங்கர். பின்னாளில் டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் டைரக்டராக இருந்தவர்.

பள்ளத்தாக்கை மூன்று வட்டாரங்களாகப் பிரித்தார்கள். இரண்டுக்கு அயோடின் சேர்த்த உப்பு. நடுவில் ஒன்றுக்குச் சாதா உப்பு. ஐந்தாறு ஆண்டுகளில் அயோடின் உப்பு சாப்பிட்ட வட்டாரங்களில் கழுத்துக் கழலை பாதியாகக் குறைந்தது. சாதா உப்பு வட்டாரத்தில் மாறுதல் இல்லை. 1962-ல் மத்திய அரசு தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. கழலை கண்ணுக்குத் தெரியும் அடையாளம் மட்டுமே, உண்மையான சேதம் மூளையில் என்பது உறைத்த பிறகு, 1992-ல் திட்டத்தின் பெயரையே 'அயோடின் குறைபாட்டு நோய்கள்' என்று மாற்றினார்கள்.

சாப்பாட்டு உப்பில் அயோடின் கட்டாயம் என்ற சட்டம் பட்ட பாடு தனிக் கதை. 1998-ல் அமலுக்கு வந்தது, 2000-ல் நீக்கப்பட்டது, மறுபடி 2006 மே மாதம் முதல் அமலானது. 'உப்பைக் கம்பெனிகளிடம் ஒப்படைக்கிறார்கள்' என்ற எதிர்ப்பு அப்போது பலமாக இருந்தது. சிறிய உப்பளக்காரர்களின் கஷ்டம் நியாயமானதுதான். ஆனால் அயோடின் சேர்க்கும் செலவு மிக அற்பம். அதைச் சேர்க்க அவர்களுக்கு உதவுவதுதான் பரிகாரமே தவிர, சேர்க்காமல் விடுவது அல்ல.

இப்போது நம்மவர்கள் சற்று வெட்கப்பட வேண்டிய கணக்கு. 2018-19-ல் நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில், 76 சதவீத வீடுகளில் போதிய அயோடின் உள்ள உப்பு இருந்தது. போதிய அளவு என்பது கிலோவுக்கு 15 மில்லிகிராம். மாநிலங்களில் கடைசி இடம் தமிழ்நாட்டுக்கு. சுமார் 62 சதவீத வீடுகள்தான். உப்பு விளைவிக்கும் முக்கிய மாநிலங்களில் ஒன்று தமிழ்நாடு. தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் மலைபோல் குவிந்து கிடக்கிறது. அருகில் விளைவதாலேயே அயோடின் சேர்க்காத கல் உப்பு மலிவாக வீட்டுக்கு வந்துவிடுகிறது.

கடல் உப்பில் அயோடின் இயற்கையாகவே இருக்குமே என்று பலர் கேட்கிறார்கள். கடல் மீனிலும் கடற்பாசியிலும் உண்டு. ஆனால் பாத்தியில் காய்ந்து விளையும் உப்பில் மிச்சம் இருப்பது சொற்பம். இந்துப்புக்கும் இதே கதிதான். சமீப காலமாக இந்துப்பு பெரிய நாகரிகமாகியிருக்கிறது. விலை அதிகம், நிறம் அழகு. ஆனால் குழந்தை பெறும் வயதில் உள்ள பெண் இருக்கும் வீட்டுக்கு அதையே அன்றாட உப்பாக வைத்துக்கொள்வது சரியல்ல.

ஊருக்குப் போய்த் திரும்பும்போது புளி, மிளகாயோடு கல் உப்பும் மூட்டை கட்டி வருவது பெங்களூர்த் தமிழர் வழக்கம். கல் உப்பே வேண்டாம் என்பதில்லை. 'அயோடின் சேர்த்தது' என்று பையில் அச்சிட்ட கல் உப்பும் கடைகளில் கிடைக்கிறது. மூடிய டப்பாவில், ஈரமும் அடுப்புச் சூடும் படாமல் வைக்க வேண்டும். கொதித்து முடியும் தறுவாயில் போடுவது நல்லது. உப்பைக் கூட்டச் சொல்வதாக எண்ண வேண்டாம். போடுகிற உப்பு எது என்பதுதான் விஷயம்.

தாயி கார்டும் பிக்மி நம்பரும்

கர்ப்பிணிக்கு வேண்டிய அயோடின் நாளுக்கு 250 மைக்ரோகிராம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஏற்கனவே தைராய்டு மாத்திரை சாப்பிடும் பெண் கருவுற்றால், மாத்திரை அளவைச் சாதாரணமாகக் கால் பங்குக்கு மேல் கூட்ட வேண்டியிருக்கும். கர்ப்பம் உறுதியான வாரத்திலேயே டாக்டரிடம் போக வேண்டும். மூன்றாம் மாதம் முடியட்டும், அதுவரை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது உண்டு. ஊருக்குச் சொல்ல வேண்டாம், டாக்டருக்குச் சொல்லுங்கள். மேலே சொன்ன காலக்கெடு ஓடிக்கொண்டிருப்பது அந்த மூன்று மாதத்தில்தான். கர்ப்பம் என்றவுடன் பயந்து மாத்திரையை நிறுத்திவிடுபவர்களும் இருக்கிறார்கள். அதைவிடப் பெரிய தவறு இல்லை.

ஆஸ்பத்திரியில் தரும் இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளைத் தைராய்டு மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால், அவை ஹார்மோனைக் குடலிலேயே பிடித்து நிறுத்திவிடும். நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

லேசான குறைவு உள்ள எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் மாத்திரை தர வேண்டுமா என்பதில் நிபுணர்கள் ஒத்துப்போகவில்லை. அமெரிக்காவில் 1999-ல் வெளியான ஆராய்ச்சி, சிகிச்சை பெறாத தாய்மார்களின் குழந்தைகளுக்கு அறிவுத்திறன் அளவு சராசரியாக 7 புள்ளி குறைந்திருந்ததாகச் சொன்னது. ஆனால் பிரிட்டனிலும் இத்தாலியிலும் சுமார் 22 ஆயிரம் கர்ப்பிணிகளைக் கொண்டு நடத்தி 2012-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மாத்திரை பெற்ற தாய்மாரின் குழந்தைகளுக்கு மூன்று வயதில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அங்கே மாத்திரை தொடங்கியது சராசரியாக 13-வது வாரத்தில். அதற்குள் முக்கியமான வாரங்கள் கழிந்துவிட்டன என்று சிலர் வாதாடுகிறார்கள். லேசான குறைவுக்கு மாத்திரையே தேவையில்லை என்பது மற்றவர் வாதம். கடுமையான குறைவில் மட்டும் கருத்து வேற்றுமை இல்லை.

அடுத்தது பிறந்த குழந்தை. தைராய்டு இல்லாமலோ பழுதாகவோ பிறக்கும் குழந்தை பார்வைக்கு நன்றாகவே இருக்கும். தாயின் ஹார்மோன் காப்பாற்றி வைத்திருக்கிறது அல்லவா? அதிகம் தூங்கும், அதிகம் அழாது. 'சமர்த்துக் குழந்தை' என்று பாட்டிமார்கள் மெச்சிக்கொள்வார்கள். மஞ்சள் காமாலை சற்று நீடிக்கும், மலச்சிக்கல் இருக்கும். முகம் உப்பி, நாக்கு தடித்து, நோய் கண்ணுக்குத் தெரியும்போது மாதங்கள் ஓடியிருக்கும். ஆகவே குழந்தையைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. ரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

குதிகாலில் குத்தி எடுத்த சில சொட்டு ரத்தத்தை ஒற்றுத் தாளில் உலர்த்திச் சோதிக்கும் முறையை 1970-களில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டாக்டர் ஜான் டூசோ கொண்டுவந்தார். பல நாடுகளில் இன்று இது எல்லாக் குழந்தைகளுக்கும் செய்யப்படுகிறது. அங்கெல்லாம் மூவாயிரம், நாலாயிரம் குழந்தைகளுக்கு ஒன்று என்று இந்தக் குறை தென்படுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் சென்னை உள்பட ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான சிசுக்களைச் சோதித்தபோது, சுமார் ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கு வந்தது. அதிலும் தென்னிந்தியாவில் விகிதம் கூடுதல்.

நம் நாட்டில் இந்தச் சோதனை எல்லா ஆஸ்பத்திரிகளிலும் தானாக நடந்துவிடுவதில்லை. கேட்டு வாங்க வேண்டும். இங்கேதான் வெளிமாநிலத்தில் வாழ்பவர்களுக்கு ஒரு சங்கடம். கர்ப்பம் பதிவானது பெங்களூரில். கையில் இருப்பது கர்நாடகத்தின் 'தாயி கார்டு'. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து பெண் சேலத்துக்கோ திருச்சிக்கோ போகிறாள். அங்கே 'பிக்மி' நம்பர், புதிய சீட்டு, புதிய டாக்டர். பழைய தைராய்டு ரிப்போர்ட் இங்கே பீரோவில் தூங்குகிறது. குழந்தையின் சோதனை முடிவு வரும்போது தாயும் சேயும் வேறு வீட்டில் இருக்கிறார்கள். கொடுத்த போன் நம்பர் பெங்களூரில் வேலைக்குப் போயிருக்கும் தகப்பனாருடையது. முடிவு 'சரியில்லை' என்று வந்தால், அதை உரியவர்களிடம் சேர்க்கவே வாரங்கள் ஆகிவிடும். இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்க வேண்டிய நோய்க்கு இது தாங்காது.

பெண் புறப்படும்போது ரிப்போர்ட்டுகளையும் மாத்திரைச் சீட்டையும் கூடவே கொடுத்தனுப்ப வேண்டும். பிரசவ ஆஸ்பத்திரியில், தாயும் சேயும் தங்கப்போகும் வீட்டின் நம்பரையே கொடுக்க வேண்டும். குழந்தை பிறந்து 48 மணி முதல் 72 மணிக்குள் ரத்தம் எடுப்பது உசிதம். பிறந்த முதல் நாளில் டி.எஸ்.எச். இயல்பாகவே ஏறி இறங்குவதால் அன்றைய முடிவு குழப்பும். தொப்புள்கொடி ரத்தத்தில் சோதிக்கும் ஆஸ்பத்திரிகளும் உண்டு, அதுவும் சரியே.

குறை உறுதியானால் சிகிச்சை எளிது. விலை குறைந்த ஒரே ஒரு மாத்திரை. டாக்டர் குறித்த அளவைப் பொடித்து, ஒரு கரண்டி தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கலந்து தினமும் ஒரே நேரத்தில் புகட்ட வேண்டும். பாட்டில் பாலில் கலக்கக் கூடாது; மிச்சம் வைத்தால் மருந்தும் மிச்சமாகிவிடும். முதல் மாதங்களில் அடிக்கடி ரத்தம் சோதித்து அளவை மாற்றுவார்கள். சில குழந்தைகளுக்குக் குறை தற்காலிகமானது. மூன்று வயது முடிந்த பிறகு டாக்டர் சில வாரங்கள் மாத்திரையை நிறுத்தி, சுரப்பி தானாக வேலை செய்கிறதா என்று பார்ப்பார். அதற்கு முன், குழந்தை நன்றாக இருக்கிறதே என்று வீட்டில் யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. மூளையில் மையலின் உறை போடும் வேலை அந்த மூன்று ஆண்டுகளும் மும்முரமாக நடந்துகொண்டிருக்கிறது.